லாபிக் கதவுக்கு முக ஸ்கேன்: சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? (நியூயார்க்)

கேள்வி: குயின்ஸ் குடித்தனம்

குயின்ஸில் 6 மாடி, 84 வீடுகள் உள்ள கட்டடம். 1974-க்கு முன் கட்டியது. பெரும்பாலான வீடுகள் ரென்ட் ஸ்டெபிலைசேஷனில் (வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு வைக்கும் ஏற்பாடு) இருக்கின்றன. நிர்வாகம் எல்லா வீட்டுக் கதவடியிலும் ஒரு கடிதம் செருகியிருக்கிறது. 30 நாளுக்குள் ஒரு செயலியில் முகத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். அதன்பின் இப்போதுள்ள கீ ஃபாப் (கதவில் காட்டித் திறக்கும் சிறு மின்சாவி) வேலை செய்யாது. விருந்தினர் வந்தால் அவர் முகத்தையும் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். கடிதத்தோடு ஒரு பக்கச் சம்மதப் படிவம் இணைத்திருக்கிறார்கள்.

"நியூயார்க்கில் வீட்டு உரிமையாளர் முக அடையாளத்தைப் பயன்படுத்தத் தடை வந்துவிட்டது" என்கிறார்கள் சிலர். "அது மசோதாதான், சட்டமில்லை" என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் உள்ளே விடாமல் நிறுத்த முடியுமா? கருத்த தோலுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கருவி தடுமாறும் என்பதில் எவ்வளவு உண்மை? பொதுவான அறிவுரை வேண்டாம், எந்த ஊர்ச் சட்டம், எந்தப் படிவம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வரதன்

இரண்டு பேருமே பாதி சரி. நடைமுறையில் இருக்கிற சட்டம் தரவைக் கட்டுப்படுத்துகிறது, கதவைத் தொடவில்லை. கதவில் அந்தக் கருவியே கூடாது என்று சொல்வதுதான் மசோதா. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினால் அவர்கள் வக்கீல் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்.

இருக்கிற சட்டம்: வாடகைதாரர் தரவுத் தனியுரிமைச் சட்டம், நகரத்தின் 2021-ஆம் ஆண்டு 63-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம். 2021 ஜூலை 29 முதல் நடைமுறை. ஏற்கெனவே கருவி வைத்திருந்தவர்கள் சரிசெய்துகொள்ள 2023 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிந்து போனது. கீ ஃபாப், செயலி, கைரேகை, முகம் என எதில் திறக்கும் கதவாக இருந்தாலும் "கிளாஸ் ஏ" (நிரந்தரக் குடியிருப்புக்கான) பல்குடும்பக் கட்டடமாக இருந்தால் இது பொருந்தும். உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தும்.

இதன்படி எழுத்திலோ செயலியிலோ நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் உங்கள் விவரத்தை எடுக்கலாம். எடுக்கக்கூடியவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு: பெயர், வீட்டு எண், தொடர்புகொள்ளும் வழி, கருவி அப்படிப்பட்டதாக இருந்தால் உயிரியல் அடையாளம், அட்டை எண், கடவுச்சொல், லீஸ் தேதிகள், பாதுகாப்புக்காக மட்டும் நுழைந்த நேரமும் முறையும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. கதவு திறந்த பதிவுகளை 90 நாளுக்குள் அழிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்தவரின் விவரத்தையும் 90 நாளுக்குள் நீக்க வேண்டும். விற்கக் கூடாது. கட்டடத்துக்கு வெளியே யார் எங்கே போகிறார் என்று பின்தொடரக் கூடாது. யாரையும் தொல்லை செய்யவோ காலி செய்ய வைக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது. பெற்றோர் எழுதித் தராமல் சிறுவர் விவரம் எடுக்கக் கூடாது. எளிய மொழியில் தனியுரிமைக் கொள்கை ஒன்று கையில் தர வேண்டும்: என்ன எடுக்கிறார்கள், எந்த நிறுவனத்தோடு பகிர்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், களவு போனால் என்ன செய்வார்கள், எப்படி அழிப்பார்கள் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது ஒரு பக்கப் படிவம் மட்டும் என்றால் இந்தக் கொள்கை எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இப்போது ஓட்டைகள். சம்மதம் தராதவருக்கு மாற்று வழி கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் தனி விதி இல்லை. அதைக் கேட்டுத்தான் 2019-இல் அப்போதைய நகரக் கவுன்சில் உறுப்பினர் பிராட் லேண்டர் "சாவி" மசோதாவைக் கொண்டுவந்தார்; அது நிறைவேறவில்லை. இரண்டாவது ஓட்டை, வாடகைதாரர் தானே வழக்குப் போடும் உரிமை தரவை விற்றால் மட்டும்தான். அப்படி விற்றால் உண்மையான நட்டத்தைக் கேட்கலாம், அல்லது ஒருவருக்கு 200 முதல் 1,000 டாலர் வரை, வக்கீல் செலவோடு. கொள்கை தரவில்லை, 90 நாளில் அழிக்கவில்லை போன்ற மீறல்களுக்கு இந்தப் பிரிவை வைத்து நீங்கள் நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. சட்டம் எழுதியவர்கள் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பை விட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

மசோதா: அப்போதைய நகரக் கவுன்சில் உறுப்பினர் கார்லினா ரிவேரா 2023-இல் 1024 என்ற எண்ணில் கொண்டுவந்து, 2024-இல் மறுபடி 425 என்ற எண்ணில் கொண்டுவந்தது. பல்குடும்பக் கட்டடத்தில் வாடகைதாரரையோ அவர் விருந்தினரையோ அடையாளம் காணும் உயிரியல் தொழில்நுட்பத்தை உரிமையாளர் நிறுவவோ இயக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்பதுதான் உள்ளடக்கம். சம்மதம் என்ற பேச்சே அதில் கிடையாது, நேரடித் தடை. இதோடு சேர்ந்து கடை, திரையரங்கு போன்ற இடங்களுக்கான தடையை இன்னொரு கவுன்சில் உறுப்பினர் ஷஹானா ஹனிஃப் கொண்டுவந்தார். 2022-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் தன்மீது வழக்கு நடத்தும் சட்ட நிறுவனங்களின் வக்கீல்களை முகம் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பியதற்குப் பிறகு இந்தப் பேச்சு சூடு பிடித்தது.

ஒன்று கவனியுங்கள்: கவுன்சில் காலம் முடிந்தால் நிறைவேறாத மசோதா அதோடு செத்துவிடும், அடுத்த கவுன்சிலில் புது எண்ணோடு புதிதாகப் பிறக்க வேண்டும். ஆகவே பழைய எண்ணை வைத்துத் தேடி ஏமாறாதீர்கள். கவுன்சிலின் சட்டத் தேடல் தளத்தில் பொருளை வைத்துத் தேடி, எந்தக் குழுவில் இருக்கிறது என்று பாருங்கள்.

மாநிலச் சட்டமன்றத்தில் 2019-இலேயே லாட்ரிஸ் வாக்கரும் பிராட் ஹோய்ல்மனும் இதே தடையைக் கொண்டுவந்தார்கள். மத்தியில் அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இவெட் கிளார்க், அயானா பிரெஸ்லி, ரஷீதா தலைப் மூவரும் கொண்டுவந்த மசோதா மத்திய வீட்டுவசதித் துறைப் பணம் பெறும் குடியிருப்புகளுக்கு மட்டும். உங்களுடையது தனியார் கட்டடம், அது நிறைவேறினாலும் உங்களுக்கு உதவாது.

பதில் 2: மின்கதவு மெக்கானிக்

சட்டத்தை வரதன் சார் பார்த்துக்குவார். நான் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கு.

கருவி உங்க போட்டோவை வெச்சு ஒப்பிடாது. முகத்தை நூற்றுக்கணக்கான எண்களா மாத்தி ஒரு டெம்ப்ளேட் செய்யும். வாசல்ல நிக்கும்போது புது டெம்ப்ளேட் செஞ்சு பழசோட எவ்வளவு ஒட்டுதுன்னு பார்க்கும். "நாங்க படத்தைச் சேமிக்கிறதில்லை"ன்னு விற்பனையாளர் சொன்னா அது உண்மையா இருக்கலாம், ஆனா விஷயம் அது இல்லை. டெம்ப்ளேட்தான் சாவி. கீ ஃபாப் தொலைஞ்சா புதுசு வாங்கலாம், முகத்துக்கு டூப்ளிகேட் கிடையாது.

இப்போ கணக்கு. வெறும் முகத்தைக் காட்டித் திறக்கிற கதவு "ஒருவர் எதிர் எல்லாரும்"னு தேடுது. ஃபாபையும் காட்டி முகத்தையும் காட்டினா "ஒருவர் எதிர் ஒருவர்". இந்த வித்தியாசம் பெருசு. உங்க 84 வீட்டுக்கு வீட்டுக்கு இரண்டரைப் பேர்னு வெச்சா 210 முகம். ஒரு ஒப்பீட்டில் அந்நியரைத் தவறா ஏத்துக்கிற வாய்ப்பு லட்சத்தில் ஒண்ணுன்னு வைங்க. 210 பேரோட ஒப்பிட்டா, சம்பந்தமில்லாத ஒருத்தர் வாசல்ல நின்னா திறக்கிற வாய்ப்பு 0.21 சதவீதம். அதே பெட்டியை 2,000 முகம் இருக்கிற காம்ப்ளெக்ஸில் மாட்டினா 2 சதவீதம். அல்காரிதம் மாறல, ஆள் எண்ணிக்கைதான் மாறிச்சு.

அடுத்தது தோல் நிறம். நிஸ்ட் (அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனம்) 2019 டிசம்பரில் 99 நிறுவனங்களின் 189 அல்காரிதத்தைச் சோதிச்சு வெளியிட்ட அறிக்கையைத்தான் பார்க்கணும். ஒருவர் எதிர் ஒருவர் ஒப்பீட்டில் பல அல்காரிதங்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசியர் முகங்களைத் தவறா ஏத்துக்கிறது வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்கு. அதிலும் மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்கர், கிழக்காசியர் மோசம். தெற்காசியர் அதுக்கு ஒரு படி கீழே, ஆனா கிழக்கு ஐரோப்பியரைவிட மோசம்தான். பெண்கள், வயதானவங்க, குழந்தைகள்னு போகப்போக இன்னும் கூடும். மேலே சொன்ன 2,000 முகக் கணக்கில் 10 மடங்கு போடுங்க: கிட்டத்தட்ட 18 சதவீதம். அஞ்சாறு தடவையில் ஒரு தடவை அந்நியருக்குக் கதவு திறக்கும்.

இணையத்துல எல்லாரும் மேற்கோள் காட்டுற 34.7 சதவீதம் இங்கே பொருந்தாது. அது 2018-இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு செஞ்ச ஆய்வு. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ற மென்பொருள் கருத்த பெண்களிடம் செஞ்ச பிழை. ஆளை அடையாளம் காண்கிற பிழை வேற. கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னா விற்பனையாளர் உடனே பிடிச்சுக்குவார், பிறகு நீங்க சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க.

இதைவிட முக்கியமான ஒண்ணை எந்த அறிக்கையும் சொல்றதில்லை. பெட்டியில் பொருத்த அளவை, அதாவது முகம் எவ்வளவு ஒட்டினா கதவு திறக்கணும்ங்கிறதை, கூட்டலாம் குறைக்கலாம். மாட்டுறவர் முதல் வாரம் அதைக் கறாரா வெச்சிருப்பார். கதவு திறக்கலைன்னு சூப்பருக்கு (கட்டடப் பராமரிப்பாளருக்கு) போன் மேல போன் வரும். அவர் அளவைத் தளர்த்தச் சொல்வார். அந்நியருக்குக் கதவு திறந்தா யாரும் போன் பண்றதில்லை, தெரியவே தெரியாது. அதனால இந்தக் கருவி எப்பவும் தளர்ந்த பக்கமே சாயும். மாட்டின அன்னைக்கு இருந்த அளவும் மூணு மாசம் கழிச்சு இருக்கிற அளவும் என்னன்னு எழுத்தில் கேளுங்க.

வாசலில் வர்ற சில்லறைத் தொல்லைகள்: மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவுன்னா சாயந்தரம் முதுகுப்பக்கம் வெயில் அடிச்சு முகம் இருட்டாகும். நிக்கிற பெரியவங்களுக்குச் சரியா மாட்டின கேமராவில் சக்கர நாற்காலியில் வர்றவர் முகமும் எட்டு வயசுக் குழந்தை முகமும் பாதிதான் விழும். குளிர்காலத் தொப்பி, மஃப்ளர். குழந்தை முகம் மாறிக்கிட்டே இருக்கும், மறுபடி மறுபடி பதியணும். அகச்சிவப்போ ஆழ உணரியோ இல்லாத மலிவான பெட்டி போன் திரையில் காட்டுற படத்துக்கே திறந்துடும்.

எந்தப் பெட்டி வந்தாலும் ஒருத்தர் திறந்ததும் பின்னாடியே இன்னொருத்தர் நுழையுறதைத் தடுக்காது. கதவு மூட சில வினாடி ஆகும், அவ்வளவு போதும்.

மின்சாரம் போனா என்ன? காந்தப் பூட்டுன்னா திறந்துக்கும். மின் ஸ்ட்ரைக் வகையில் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கிற மாதிரி வெச்சிருப்பாங்க. உள்ளிருந்து வெளியே வர்றது எப்பவும் தடையில்லாம இருக்கணும், அது தீ விதி. வெளியிலிருந்து உள்ளே போக பேட்டரி எத்தனை மணி நேரம், அதுக்கப்புறம் சாவித்துளை இருக்கான்னு கேளுங்க.

பதில் 3: மூணு வீட்டு ஓனர்

எல்லாரும் உரிமையாளரை வில்லனாகவே பார்க்கிறீர்கள். மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. பழைய 125 கிலோஹெர்ட்ஸ் ஃபாபைக் கடைவீதியில் சில நிமிடத்தில் நகல் எடுத்துத் தருகிறார்கள். காலி செய்து போனவர் கையில் ஒன்று, அவர் மச்சான் கையில் ஒன்று. பார்சல் திருட்டு. சட்டவிரோதக் குறுகியகால வாடகை வேறு: பதிவில்லாமல் குறுகியகாலம் விடுவதைக் கட்டுப்படுத்தும் 2022-இன் 18-ஆம் உள்ளூர்ச் சட்டம் 2023 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது, வாடகைதாரர் கமுக்கமாக விட்டால் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டி வருகிறது. யார் வருகிறார் போகிறார் என்று தெரிந்துகொள்ள நினைப்பது குற்றமா? தடை போட்டால் பாதுகாப்பு குறைந்தது என்று நாளைக்கு இதே வாடகைதாரர்தான் புகார் சொல்வார்.

பதில் 4: வரதன்

ஓனர் சார், ஃபாப் நகல் பிரச்சினை உண்மை. அதற்கு மருந்து முகம் இல்லை. மசோதா கேமராவைத் தடை செய்யவில்லை, இண்டர்காமைத் தடை செய்யவில்லை, ஃபாபையும் தடை செய்யவில்லை. கேமராப் பதிவில் இருப்பவர் இன்னார் என்று கருவி தானாகச் சொல்வதைத்தான் தடுக்கிறது. திருட்டு நடந்தால் பதிவைப் பார்த்துப் போலீஸில் கொடுக்க எந்தத் தடையும் வராது.

"யார் வருகிறார் போகிறார் என்று தெரிந்துகொள்ள" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், வாடகைதாரர் பயப்படுவது அதற்குத்தான். ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீட்டில் குடியிருப்பவர் அதைத் தன் முதன்மை வீடாக வைத்திருக்க வேண்டும். இல்லை என்று நிரூபித்தால் லீஸைப் புதுப்பிக்க வேண்டாம். மாதத்தில் எத்தனை நாள் கதவில் முகம் தென்பட்டது என்ற பட்டியல் கையில் இருந்தால் அந்த வழக்கு எழுதுவது சுலபம். தரவை வைத்துக் காலி செய்ய வைக்கக் கூடாது என்று 63-ஆம் சட்டம் சொல்கிறதுதான். ஆனால் தரவைப் பார்த்துவிட்டு வேறு சாட்சியைத் தேடிப் பிடிப்பதை யார் கண்டுபிடிப்பது?

பதில் 5: மின்கதவு மெக்கானிக்

ஓனர் அண்ணே, ஃபாப் நகலுக்குத் தீர்வு 13.56 மெகாஹெர்ட்ஸ் மறையாக்க ஃபாப். மைஃபேர் டெஸ்ஃபயர் வகை கேளுங்க, கடைவீதிப் பெட்டியில் நகல் ஆகாது. ஆனா மாட்டுறவர் ரீடரில் பழைய 125-ஐயும் படிக்கிற வசதியை அணைக்காம விட்டுட்டா காசு தண்டம். பல இடத்தில் ரீடர் அட்டையின் சீரியல் எண்ணை மட்டும் படிச்சுட்டுத் திறக்கும், மறையாக்கம் சும்மா கிடக்கும். ஒப்பந்தத்திலேயே "சீரியல் எண்ணை வெச்சுத் திறக்கக் கூடாது"ன்னு எழுதுங்க. ஒவ்வொரு லீஸ் முடியும்போதும் பட்டியலிலிருந்து ஃபாபை எடுத்துடுங்க. இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துடும்.

பதில் 6: ப்ரூக்ளின் சங்கம்

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் மசோதா அல்ல, ரென்ட் ஸ்டெபிலைசேஷன். அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

ஸ்டெபிலைஸ்டு கட்டடத்தில் ஒரு சேவையை மாற்ற வேண்டுமானால் உரிமையாளர் மாநில வீட்டுவசதித் துறையிடம் (டிஎச்சிஆர்) சேவை மாற்ற விண்ணப்பம் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். வாசல் சாவியும் ஒரு சேவைதான். விண்ணப்பம் வந்ததும் வாடகைதாரர்களுக்கு அறிவிப்பு வரும், ஆட்சேபம் எழுதலாம். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை, நிர்வாகத்தின் கடிதம் மட்டுமே வந்தது என்றால் விண்ணப்பமே போடவில்லை என்றுதான் தோன்றுகிறது. முதல் கடிதத்தில் அதன் டாக்கெட் எண்ணை (துறை விண்ணப்பத்துக்குத் தரும் பதிவு எண்) கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, அந்த மௌனமும் பிறகு உதவும்.

ப்ரூக்ளினின் ப்ரவுன்ஸ்வில்லில் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் குடியிருப்பில் நடந்தது இந்த வழியில்தான். 700-க்கும் மேல் வீடுகள், ஸ்டெபிலைஸ்டு. ஃபாபை எடுத்துவிட்டு முகக் கருவி போட 2018-இல் உரிமையாளர் தரப்பு விண்ணப்பித்தது. லாபியில் கூடி அண்டை வீட்டாருக்கு விவரம் சொன்ன பெண்களுக்கு, அவர்கள் அங்கே நின்ற கேமராப் படத்தோடு எச்சரிக்கைக் கடிதம் போனது. 2019 மே மாதம் 130-க்கும் மேற்பட்ட வாடகைதாரர்கள் இலவசச் சட்ட உதவி வக்கீல்கள் துணையோடு மாநிலத் துறையில் ஆட்சேபம் போட்டார்கள். அந்த நவம்பரில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதால் துறை தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே முன்னுதாரணம் என்று காட்ட எதுவும் இல்லை. மன்ஹாட்டன் மேற்கு 45-ஆம் தெருவில் செயலிப் பூட்டுக்கு எதிராக ஐந்து வாடகைதாரர்கள் போட்ட வழக்கும் இப்படித்தான்: 2019-இல் சமரசமாக முடிந்து அவர்களுக்கு உலோகச் சாவி கிடைத்தது, அடுத்தவருக்கு அது தானாகக் கிடைக்காது. தடைச் சட்டம் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போராட வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டிய வரிசை. இந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாநிலத் துறையிலிருந்து தன் வாடகை வரலாற்றை வரவழைக்க வேண்டும், இலவசம். யார் ஸ்டெபிலைஸ்டு என்று அதில்தான் உறுதியாகும். நிர்வாகம் சொல்வதை நம்ப வேண்டாம். பிறகு லாபியில் கூட்டம் போடுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையை மாநில ரியல் ப்ராபர்ட்டி சட்டம் 230-ஆம் பிரிவு தருகிறது. சங்கம் வைத்ததற்காகவோ புகார் செய்ததற்காகவோ ஒரு வருடத்துக்குள் லீஸில் கை வைத்தால் அது பழிவாங்கல் என்றே 223-பி பிரிவு அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிப்பது உரிமையாளர் பொறுப்பு. தேதியிட்ட வருகைப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதியிலிருந்துதான் இந்த ஒரு வருடக் கணக்கு.

அடுத்தது சர்ட்டிஃபைடு தபாலில் ஒரே கடிதம், எத்தனை பேர் முடியுமோ அத்தனை கையெழுத்து. கேட்பது மூன்று: டிஎச்சிஆர் டாக்கெட் எண், 63-ஆம் சட்டப்படியான தனியுரிமைக் கொள்கை, சம்மதிக்காதவருக்கு உள்ள மாற்று வழி. தபால் ரசீதைப் பத்திரமாக வைக்கவும். ஃபாபை உண்மையிலேயே அணைத்துவிட்டால் ஆர்ஏ-84 படிவம்: கட்டடம் முழுவதற்கும் சேவை குறைந்தது, வாடகையைக் குறை என்று கேட்பது. பலர் ஆர்ஏ-81 போட்டுத் தொலைக்கிறார்கள். அது தனி வீட்டுக்குள் இருக்கும் குறைக்கானது, லாபிக் கதவுக்கு ஆகாது.

உள்ளே போகவே முடியாமல் நின்றுவிட்டால் அது வேறு கட்டம். 30 நாள் குடியிருந்தவரை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியே தள்ளுவது, பூட்டை மாற்றிச் சாவி தராமல் விடுவது குற்றம். மாநிலச் சட்டத்தில் 768-ஆம் பிரிவில் 1,000 முதல் 10,000 டாலர் வரை சிவில் அபராதமும் உண்டு. முகத்தைப் பதியாதவருக்கு வேறு வழியே வைக்காத வாசல் இதில் அடங்கும் என்று வாதிடலாம். வாதம்தான், உறுதி இல்லை. ஆனால் அப்படி ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்தால் நிர்வாகத்தின் வக்கீல் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பார்.

பார்வையற்றவர், முகத்தில் சிகிச்சை நடந்தவர் இருந்தால் தனியாக ஒரு நியாயமான மாற்று ஏற்பாட்டுக் கோரிக்கை கொடுக்கட்டும். நகர மனித உரிமைச் சட்டத்தின் கீழ் அது வேறு தடத்தில் போகும், மற்றவர்கள் புகாரோடு கலக்க வேண்டாம்.

மேல்கேள்வி: குயின்ஸ் குடித்தனம்

நன்றி. டாக்கெட் எண் கேட்கும் யோசனை இங்கே யாருக்கும் தோன்றவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இரண்டு குடும்ப வீட்டில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்துமா? ஜெர்சி சிட்டி, சிகாகோ பக்கம் இருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில் 7: வரதன்

இரண்டு குடும்ப வீட்டுக்குப் பொருந்தாது. நியூயார்க்கில் பல்குடும்பக் கட்டடம் என்றால் மூன்று குடும்பம் அல்லது அதற்கு மேல். 63-ஆம் சட்டத்துக்கும் மசோதாவுக்கும் அதுதான் கோடு. ரென்ட் ஸ்டெபிலைசேஷனும் பொதுவாக 6 வீடு அல்லது அதற்கு மேல் உள்ள, 1974-க்கு முன் கட்டிய கட்டடத்துக்கு. ஆக இரண்டு குடும்ப வீட்டின் வாசலில் முகம் பார்க்கும் டோர்பெல் கேமரா மாட்டினால் லீஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தவிரக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. மசோதாவின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். சிறு வீட்டு உரிமையாளரைத் தொடப் பயந்து விட்டிருக்கிறார்கள்.

ஜெர்சி சிட்டிக்காரருக்கு இது உதவாது: அது வேறு மாநிலம், நியூயார்க் நகரச் சட்டம் ஹட்சன் ஆற்றோடு நின்றுவிடும்.

பதில் 8: நேப்பர்வில் நாச்சியார்

சிகாகோவுக்கு நான் சொல்கிறேன். இல்லினாய் மாநிலத்தின் 2008 உயிரியல் தகவல் தனியுரிமைச் சட்டம் இந்த நாட்டிலேயே பல் உள்ள சட்டம். வீட்டு உரிமையாளருக்கு என்று தனியாக எழுதியதல்ல, எல்லாத் தனியார் நிறுவனத்துக்கும். முக வடிவ அளவை எடுக்குமுன் எதற்கு, எத்தனை காலம் என்று எழுத்தில் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். எப்படியானாலும் கடைசித் தொடர்பிலிருந்து 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. கவனக்குறைவான மீறலுக்கு 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000 டாலர். வாடகைதாரரே வழக்குப் போடலாம். உண்மையான நட்டம் நடந்ததாகக் காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனித்தனியாக என்று கணக்குப் போன காலம் 2024 ஆகஸ்ட் திருத்தத்தோடு முடிந்தது; இப்போது ஒரே முறையில் ஒரே ஆளிடம் எடுத்தால் ஒரு மீறல்தான். அதன்பிறகும் 84 வீட்டுக் கட்டடத்தில் 210 பேரிடம் அனுமதி வாங்காமல் எடுத்தால் குறைந்தது 2,10,000 டாலர். ஆனால் இதுவும் சம்மதச் சட்டம்தான்: கையெழுத்து வாங்கிவிட்டால் கதவில் மாட்டலாம்.

டெக்ஸாஸில் 2009 சட்டம் இருக்கிறது, ஒரு மீறலுக்கு 25,000 டாலர் வரை. அங்கே வழக்குப் போடும் உரிமை மாநிலத் தலைமை வக்கீலுக்கு மட்டும். ஆஸ்டினிலோ டல்லாஸிலோ இருக்கும் வாடகைதாரர் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் 2021 ஜனவரி முதல் தனியாருக்கே தடை போட்டது என்று சிலர் சொல்வார்கள். அது பொதுமக்கள் வந்துபோகும் கடை, உணவகம் போன்ற இடங்களுக்கானது, குடியிருப்பு வாசலுக்கு என்று எழுதியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், முகம் பார்க்கும் கருவிக்குப் பேர்போன சீனாவில் உச்ச மக்கள் நீதிமன்றம் 2021-இலேயே குடியிருப்பு நிர்வாகம் முகத்தை ஒரே வழியாக வைக்கக் கூடாது, மறுப்பவருக்கு வேறு வழி தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. நியூயார்க் 63-ஆம் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லை.

பதில் 9: ப்ரூக்ளின் சங்கம்

படிவத்தைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, "கொள்கை ஆவணமும் டாக்கெட் எண்ணும் கிடைக்கும்வரை சம்மதம் தரவில்லை, தற்போதைய ஃபாபைத் தொடர்ந்து பயன்படுத்துவேன்" என்று தேதியோடு எழுதித் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் எழுத்தில் திரும்பப் பெறலாம், டெம்ப்ளேட்டை அழித்ததற்கு உறுதிக்கடிதம் கேட்க வேண்டும்.

செயலியை "சும்மா பார்க்கலாம்" என்று இறக்கிவிடாதீர்கள். சம்மதத்தைச் செயலி வழியாகவும் வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முதல் திரையில் "ஏற்கிறேன்" என்று தட்டியதையே நாளைக்கு உங்கள் சம்மதம் என்று காட்டுவார்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே சொல்லிவையுங்கள், சூப்பர் போனை நீட்டி "இங்கே பாருங்கள்" என்றால் பார்க்க வேண்டாம் என்று.